பழைய டீசல் பிக்கப்: காலையில் நீண்ட செல்ஃப், மேட்டில் இழுவை இல்லை. பம்பைக் கழற்றலாமா?

தூசிப்பாதை
வணக்கம். வண்டி பழைய டீசல் பிக்கப். 2.4 லிட்டர், நாலு சிலிண்டர், ப்ரீ-சேம்பர் எஞ்சின் (டீசல் முதலில் ஒரு தனிச் சிற்றறையில் எரியும்), டர்போ இல்லை, டீசலை அழுத்தி நாசில்களுக்கு அனுப்புவது விஇ வகை ரோட்டரி பம்ப். எலக்ட்ரானிக் எதுவும் கிடையாது.

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு 25–30 விநாடி செல்ஃப் அடிக்கணும். பிடிச்ச பிறகு ஒரு நிமிஷம் வெள்ளைப் புகை, ஐட்லிங் ஏறி இறங்குது. பகலில் சாவியைத் தொட்டதும் பிடிச்சிடும். வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றால் மட்டும் காலையிலும் உடனே ஸ்டார்ட்.

இன்னொன்று, லோடோடு மேடு ஏறும்போது 2500 ஆர்பிஎம் தாண்டினால் மூச்சு அடைக்குது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து சில விநாடி விட்டால் திரும்ப இழுக்குது. கறுப்புப் புகை இல்லை.

ஃபில்டர் புதுசு. ஹீட்டர் பிளக் நாலும் 1 ஓமுக்குக் கீழே, எல்லாம் சூடாகுது. பம்பின் மேலே ஆக்சிலரேட்டர் லீவர் ஷாஃப்ட் ஓரமா டீசல் கசிவு இருக்கு. "பம்பை இறக்கி ஓவர்ஹால் பண்ணணும்" என்கிறார்கள். பண்ணிடலாமா?

கிரீஸ்கை
இறக்காதே தம்பி. நீ எழுதினதிலேயே பாதி பதில் இருக்கு. மூக்கு பள்ளத்தில் இருந்தா ஸ்டார்ட் ஆகுதுன்னா டேங்க் பம்பைவிட உயரத்தில் இருக்கு, டீசல் திரும்பி ஓட வழியில்லை. சமதரையில் நின்னா ராத்திரி முழுக்க எங்கேயோ ஏர் எடுத்து, லைனில் இருக்கிற டீசல் டேங்குக்கே இறங்கிடுது. காலையில் நீ அடிக்கிற 30 விநாடியும் அந்தக் காலிக் குழாயை நிரப்பத்தான்.

மேட்டில் மூச்சு அடைக்கிறது வேற குறை. அது அடைப்பு. பம்ப் கேட்கிற அளவு டீசல் வரலை. காலை எடுத்ததும் பின்னால் சேர்ந்திருந்தது வந்து சேருது, மறுபடி இழுக்குது. பம்பே தேய்ஞ்சிருந்தா இப்படி விட்டு விட்டு வராது. எந்த கியரிலும் ஒரே மாதிரி சோம்பலா இருக்கும்.

ஏர் எடுக்கிற இடத்தைக் கண்ணால் தேடி அலையாதே. சக்‌ஷன் பக்கம் ஓட்டை இருந்தா வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். குழாய் வெளியே காய்ஞ்சு கிடக்கும், உள்ளே நுரைச்சுக்கிட்டு இருக்கும்.

பிஸ்டன்மேசை
கிரீஸ்கை சொன்னதோடு ஒரு திருத்தம். லீவர் ஷாஃப்ட் கசிவையும் காலைக் குறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விஇ பம்பின் வயிற்றுக்குள் இருக்கும் வேன் பம்ப், ஓடும்போது உறைக்குள் அழுத்தம் ஏற்றுகிறது. ஐட்லிங்கில் சுமார் 3 பார், உச்ச வேகத்தில் 7, 8 பார் வரை போகும். அப்போது ஷாஃப்ட் சீல் வழியாக டீசல் வெளியே வரும். எஞ்சின் நின்றதும் நிலைமை தலைகீழ். லைனில் உள்ள டீசல் தன் எடையால் டேங்கை நோக்கி இழுக்கும். அதே சீல் வழியாகக் காற்று உள்ளே நுழையும். பகலில் கசிகிற சீல்தான் இரவில் காற்று எடுக்கிறது.

வெள்ளைப் புகைக்கும் இதுவே காரணமாகலாம். டைமிங்கை (டீசல் தெறிக்கும் நேரத்தை) முன்தள்ளும் பிஸ்டன் உறைக்குள் இருக்கும் அழுத்தத்தால்தான் நகர்கிறது. உள்ளே காற்று இருந்தால் அழுத்தம் ஏறாது, டைமிங் பின்தங்கும், டீசல் சரியாக எரியாமல் வெள்ளையாக வரும்.

ஆக, டேங்க் பக்கமா பம்ப் பக்கமா என்று முதலில் பிரியுங்கள். அதற்குக் கேன் சோதனையைவிட நேர்மையான வழி கிடையாது.

ஹோஸ்கிளிப்
கேன் சோதனை செய்யற முறை:

5 லிட்டர் கேன், சுத்தமான டீசல். 8 மி.மீ. உள்விட்டம் உள்ள தெளிவான பிவிசி ட்யூப் 2 மீட்டர், கொத்தனார் லெவல் பார்க்கிற மாதிரி ட்யூப். ரிட்டர்னுக்கு 6 மி.மீ. ட்யூப். ஒரு சின்ன இன்லைன் ஃபில்டர்.

பம்புக்குள் போற ஹோஸைக் கழற்றி, கேனிலிருந்து இன்லைன் ஃபில்டர் வழியா நேரா பம்புக்குக் கொடுங்க. ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றிக் கேனுக்குள்ளேயே விடுங்க. விஇ பம்ப் எரிக்கிறதைவிட நிறைய டீசலைத் திருப்பி அனுப்பும். ரிட்டர்னை டேங்குக்கு விட்டா கேன் சீக்கிரம் காலியாகி, அப்புறம் பம்ப் வறண்டு ஓடும். இந்தப் பம்புக்கு எஞ்சின் ஆயில் கிடையாது, டீசல்தான் அதுக்கு ஆயில். வறண்டு ஓடினா உள்ளே உரசிடும்.

கேனை எங்கே வைக்கிறீங்க என்பது முக்கியம். பானெட் உயரத்தில் கட்டினா டீசல் தானா இறங்கி வரும், பம்பின் இழுக்கும் பலம் தெரியாது. டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமா, அசையாத மாதிரி கட்டுங்க. சைலன்ஸர் பக்கம் போகவே கூடாது.

முதல் சுற்று கேன் நேரா பம்புக்கு. இரண்டாவது சுற்று கேன் ஃபில்டருக்கு முன்னால், அதாவது வண்டியோட கைப்பம்பும் ஃபில்டர் தலையும் உள்ளே வர்ற மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் லோடோட மேடு ஏறிப் பாருங்க, ராத்திரி அப்படியே விட்டுக் காலை ஸ்டார்ட் பாருங்க. ட்யூபில் குமிழி ஓடுதான்னும் பாருங்க. மாட்டின உடனே நாலஞ்சு வந்து நின்னா கவலையில்லை. மிளகு அளவில் விடாம ஓடினா ஏர் எடுக்குது. சோதனை முடிஞ்சதும் அந்த ட்யூபை எடுத்திடுங்க, பிவிசி டீசலில் கல்லாகி விரிசல் விடும்.

கறுப்புப்புகை
இவ்வளவு சுத்தறதுக்கு ஃபில்டர் முன்னாடி ஒரு எலக்ட்ரிக் பம்ப் வச்சா ரெண்டு குறையும் போயிடுமே?

பிஸ்டன்மேசை
போகாது, மறையும். சக்‌ஷன் லைனில் அழுத்தம் ஏற்றினால் காற்று எடுத்த ஓட்டை டீசல் சொட்டும் ஓட்டையாக மாறும். அடைபட்ட ஜல்லடையும் அப்படியே இருக்கும். தவிர, இன்லெட்டில் அதிக அழுத்தம் கொடுத்தால் உறைக்குள் உள்ள அழுத்தக் கணக்கும் அதோடு டைமிங்கும் மாறும். குறையைக் கண்டுபிடித்த பிறகு நீண்ட லைனுக்குத் துணையாகக் குறைந்த அழுத்தப் பம்ப் வைப்பது வேறு பேச்சு.

தூசிப்பாதை
சோதனை முடிவு.

முதல் சுற்று, கேன் நேரா பம்புக்கு: மேட்டில் முழு இழுவை, 3500 வரை தடங்கல் இல்லை. இன்லெட் ட்யூபில் குமிழி இல்லை. ஆனா மறுநாள் காலை 12 விநாடி செல்ஃப்.

இரண்டாவது சுற்று, கேன் ஃபில்டருக்கு முன்னால்: இழுவை அதே. காலையில் அதே 12 விநாடி.

கேனை எடுத்து பழையபடி மாட்டி, பம்ப் இன்லெட்டில் டி வடிவ இணைப்பு வைத்து வேக்கம் கேஜ் பார்த்தேன். 3000 ஆர்பிஎம்மில் பாதரச அளவில் 11 அங்குலம்.

கிரீஸ்கை
அருமையா செஞ்சே. இப்போ கணக்கு தெளிவாயிடுச்சு. 5, 6 அங்குலத்தைத் தாண்டினாலே அடைப்பைத் தேடணும், உனக்கு 11. ஃபில்டரும் கைப்பம்பும் சோதனையில் தப்பிச்சாச்சு. மிச்சம் டேங்க் ஜல்லடையும் சேஸிஸ் ஓரம் ஓடற குழாயும்தான்.

காலை 30 விநாடி 12 ஆச்சு, ஆனா முழுசா போகலை. அப்போ ஏர் ரெண்டு இடத்தில் எடுக்குது. ஒண்ணு டேங்க் பக்கம், ஒண்ணு பம்ப் பக்கம். பிஸ்டன்மேசை சொன்ன ஷாஃப்ட் சீல் சரியாத்தான் இருக்கும். நான் முதலில் அதைப் பெரிசா எடுத்துக்கலை.

நாசில் மேலே ஓடற ரிட்டர்ன் துண்டு ஹோஸ்களையும் விடாதே. துணி பின்னின மெல்லிய ஹோஸ், 3.2 மி.மீ. இல்லைன்னா 3.5 மி.மீ. உள்விட்டம். கடைசி நாசிலில் ஒரு மூடி ஹோஸ் இருக்கும், அது வெடிச்சிருந்தாலும் ராத்திரி ஏர்தான். எல்லாத்தையும் ஒரே தடவையில் மாத்து, பழசில் பாதியை வச்சுக்காதே.

ஹோஸ்கிளிப்
டேங்க் பக்க லைனைத் தேடற விதம்: ஃபில்டர் முனையைக் கழற்றுங்க, டேங்க் முனையையும் கழற்றி ஒரு ரப்பர் அடைப்பு போடுங்க. ஃபில்டர் முனையில் சைக்கிள் பம்ப் இல்லைன்னா ரெகுலேட்டர் வழியா 0.3 பார் காற்று கொடுங்க, அதுக்கு மேல வேண்டாம். டேங்கைச் சேர்த்து அழுத்தம் ஏத்தாதீங்க, டேங்க் உப்பிடும். இப்போ சோப்புத் தண்ணி அடிச்சுக்கிட்டே போங்க.

பார்க்க வேண்டிய இடங்கள் எப்பவும் ஒண்ணுதான். சேஸிஸில் குழாயைப் பிடிச்சிருக்கிற கிளிப்புக்கு அடியில். அங்கே ஈரமண் தங்கி வெளியிலிருந்து துரு தின்னும், மேலே பெயின்ட் நல்லா இருக்கும். அடுத்தது ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாய் மேலே ஏறும் இடம்.

குழாய் போயிருந்தா 8 மி.மீ. எஃகு அல்லது காப்பர்-நிக்கல் குழாய் போடுங்க. வெறும் செம்பு வேண்டாம். அதிர்வில் சோர்ந்து உடையும், டீசலையும் சீக்கிரம் பிசினாக்கும். ஜிங்க் பூச்சு உள்புறம் இருக்கிற குழாயும் வேண்டாம், ஜிங்க் டீசலில் கரைஞ்சு நாசிலில் போய்ப் படியும். குழாய் முனையில் ஒரு வளையப் புடைப்பு எடுக்கணும், இல்லைன்னா ஹோஸ் வழுக்கும்.

ஹோஸ் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரம். இந்தப் பக்கம் அழுத்தம் இல்லைன்னாலும் ஆர்9-இன் உள்பூச்சு பயோடீசலைத் தாங்கும். சாதாரண இயற்கை ரப்பர் ஊறிப்போய் உள்ளேயே சுருங்கும், வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது. துளை வரி போட்ட கிளிப் மெல்லிய ஹோஸை அறுக்கும். போல்ட் போட்டு முழு வட்டமா இறுக்கற கிளிப் போடுங்க.

பிஸ்டன்மேசை
டேங்க். ஜல்லடை அடைத்திருந்தால் அது எதனால் அடைத்தது என்பதையும் பாருங்கள். செம்பழுப்புத் தூள் என்றால் துரு. கறுத்த, வழவழப்பான, நாற்றமடிக்கும் பாசி என்றால் நுண்ணுயிர். அது டீசலும் தண்ணீரும் சந்திக்கும் மட்டத்தில் வளரும். தண்ணீரை எடுத்துவிட்டால் அதற்கு வாழ்வில்லை. கொல்லும் மருந்து ஊற்றினால் செத்த பாசி முழுவதும் ஃபில்டருக்கு வரும். எனவே முதலில் டேங்கைக் கழுவி, பிறகே மருந்து.

துருவுக்குச் சிட்ரிக் அமிலம் போதும். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில் 24 மணி நேரம். ஊற்றிவிட்டுச் சமையல் சோடாக் கரைசலால் அலசி, நல்ல தண்ணீரால் அலசி, சூடான காற்றில் உலர்த்தி, அன்றைக்கே உள்ளே முழுக்க டீசல் படும்படி குலுக்க வேண்டும். உலர்ந்த பச்சை இரும்பை ஓர் இரவு விட்டால் மறுநாள் மறுபடி துருப்பிடித்திருக்கும்.

கறுப்புப்புகை
உள்ளே ஒரு சங்கிலியைப் போட்டுக் குலுக்கினா அமிலமே வேண்டாம். அப்புறம் டேங்க் லைனர் பூசிடலாம்.

பிஸ்டன்மேசை
சங்கிலி சரி, உரிந்து நிற்கும் தகட்டுத் துருவை அது தட்டி எடுக்கும். முன்னும் பின்னும் கணுக்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஜல்லிக்கல் மட்டும் வேண்டாம், தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் ஒன்று தங்கிவிட்டால் வெளியே வராது. லைனர் எனக்கு உடன்பாடில்லை. அமிலத்தில் தேய்த்து, முற்றாக உலர்ந்த உலோகத்தில்தான் அது பிடிக்கும். ஒரு மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஏடு ஏடாகப் பெயர்ந்து ஜல்லடையை மூடும். ஓட்டை விழும் நிலையில் உள்ள டேங்க் என்றால் மாற்றுவதே மேல்.

டீசல் டேங்க்தானே என்று வெல்டிங் வைக்காதீர்கள். குளிர்ந்த டீசல் எளிதில் பற்றாது, உண்மை. சுவாலை பட்ட தகட்டுக்குப் பின்னால் அது குளிர்ந்த டீசல் இல்லை.

கிரீஸ்கை
டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பார்த்தாயா? அடைச்சிருந்தா டேங்கே வேக்கம் பிடிக்கும். ஓட்டிக்கிட்டு வந்து உடனே மூடியைத் திற. உஸ்ஸுன்னு உள்ளே இழுத்தா அதுவும் ஒரு குறை.

தூசிப்பாதை
மூடி சரி. டேங்கை இறக்கினேன். பிக்கப் குழாய் ஜல்லடையில் முக்கால்வாசி செம்பழுப்புத் தூள், அடியில் அரை டம்ளர் தண்ணீர். சங்கிலியும் சிட்ரிக்கும் போட்டாச்சு. குழாயில் இரண்டாவது கிளிப்புக்கு அடியில் குண்டூசி ஓட்டை, 0.3 பாரில் சோப்பு நுரைத்தது. எஃகுக் குழாய் மாற்றினேன். வேக்கம் இப்போ 3000-இல் 2 அங்குலம். இழுவை முழுசு. காலையில் இன்னும் 10 விநாடி. இனி ஷாஃப்ட் சீல். பம்பை இறக்காமல் மாற்ற முடியுமா?

பிஸ்டன்மேசை
முடியும். டென்சோ, ஜெக்செல் என்று பெயர் எதுவானாலும் இந்த வகைப் பம்புகள் பாஷ் உரிமத்தில் செய்யப்பட்டவை, உள்ளமைப்பு ஒரே குடும்பம். ஆனால் சீல் அளவு பம்ப் எண்ணைப் பொறுத்து மாறும். தகட்டில் உள்ள எண்ணைக் கொடுத்து விட்டான் (ஒரு வகை ஃப்ளோரோ ரப்பர்) சீல் கேளுங்கள். பழைய நைட்ரைல் சீல்கள் பல ஆண்டு ஊறி, வடிவம் இறுகி, கந்தகம் குறைந்த டீசல் வந்ததும் சுருங்கிக் கசியத் தொடங்கின. விட்டான் அந்த மாற்றத்துக்கு அவ்வளவு அசையாது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பம்பின் வெளிப்புறத்தை டீசலும் பிரஷும் போட்டு, காற்றடித்து, விரல் வைத்தால் அழுக்கு ஒட்டாத அளவு சுத்தம் செய்யுங்கள். இந்த வேலையில் பாதி அதுதான். உள்ளே விழும் ஒரு மணல் துகள் நாசில் வரை போகும்.

லீவருக்கும் ஷாஃப்ட்டுக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு கீறுங்கள். ஷாஃப்ட்டில் பல் இருக்கிறது. ஒரு பல் தள்ளி மாட்டினால் ஒரு பக்கம் ஐட்லிங் ஆயிரத்துக்கு மேல் நிற்கும், மறுபக்கம் முழு இழுவை வராது. எல்லா லிமிட் ஸ்க்ரூக்களையும் படம் எடுத்துவிட்டுத் தொடாமல் விடுங்கள். நட், லீவர், ஸ்ப்ரிங் என்ற வரிசையில் கழற்றி அதே வரிசையில் துணியில் அடுக்குங்கள்.

மூடியின் நாலு ஸ்க்ரூவை எடுத்து, மூடியை ஒரு விரல் உயரம் மட்டும் தூக்குங்கள். உள்ளே கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) ஸ்ப்ரிங் ஷாஃப்ட்டின் கொக்கியில் மாட்டியிருக்கும். பிடுங்கினால் ஸ்ப்ரிங் நீளும், நீண்ட ஸ்ப்ரிங் எந்த வேலைக்கும் ஆகாது. மூடியைப் பக்கவாட்டில் சாய்த்து, கொக்கியிலிருந்து விடுவித்துத் தூக்குங்கள்.

ஷாஃப்ட்டை உள்பக்கமாகத் தள்ளி எடுத்தால் சீல் தெரியும். ஷாஃப்ட்டை மூடியில் வைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது, புது சீல் சில மாதங்கூடத் தாங்காது. புஷ் மாற்ற வேண்டும். ஆட்டமில்லை என்றால் டீசலில் நனைத்து சீலை ஏற்றி மாட்டுங்கள். மூடிக்குப் புது கேஸ்கெட். ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காக, 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். மூடி அலுமினியம், மரை சீக்கிரம் போகும்.

மூடி திறந்திருக்கும்போது அடியில் உள்ள டீசலை ஓர் ஊசிக்குழாயால் உறிஞ்சி வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. வெள்ளிப் பொடி மின்னினால் வேன் பம்ப் அல்லது கேம் தட்டு உரசுகிறது, அப்போது ஓவர்ஹால் பேச்சை எடுக்கலாம்.

கறுப்புப்புகை
மூடியைத் திறக்காமலே ஷாஃப்ட்டைக் கொஞ்சம் அமுக்கி, சீலை ஊசியால் நோண்டி எடுத்து மாத்தறாங்களே. அரை மணி வேலை.

பிஸ்டன்மேசை
செய்கிறார்கள். ஷாஃப்ட் ஒரு மி.மீ. கூடுதலாக இறங்கினால் கொக்கி கழன்று உள்ளே விழும், அப்போது மூடியைத் திறந்தே ஆக வேண்டும். புஷ் தேய்மானமும் தெரியாது, உள் டீசலையும் பார்க்க முடியாது. மிச்சமாகும் நேரத்தைவிட இழப்பது அதிகம்.

கிரீஸ்கை
மூடி போட்ட பிறகு முதல் ஸ்டார்ட்டில் ஒரு பலகையைக் கையில் வச்சுக்கோ. ஏர் இன்டேக் ஹோஸைக் கழற்றிட்டு அந்த இன்டேக் வாயை மூடற அளவுள்ள பலகை. கவர்னர் ஸ்ப்ரிங் சரியா மாட்டலைன்னா எஞ்சின் தானா ஏறிக்கிட்டே போகும். சாவியை நம்பாதே, பலகையை அமுக்கு. உள்ளங்கையால் மூடப் போகாதே, இழுத்துக்கும்.

ஹோஸ்கிளிப்
ஒண்ணு விட்டுப்போச்சு. பம்பில் ரெண்டு பேன்ஜோ போல்ட் (டீசல் ஓட நடுவில் துளையுள்ள போல்ட்) இருக்கு, உள்ளே வர்றது ஒண்ணு, ரிட்டர்ன் ஒண்ணு. பார்க்க ஒரே மாதிரி, ஆனா ரிட்டர்ன் போல்ட்டில் சுமார் அரை மி.மீ. விட்டத்தில் ஒரு நுண் துளை மட்டும் இருக்கும், தலையில் 'அவுட்'னு ஆங்கிலத்தில் பொறிச்சிருக்கும். அந்தத் துளைதான் உறைக்குள் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்குது. மாத்திப் போட்டா பம்புக்கு டீசல் சரியா வராது, அழுத்தமும் நிற்காது. ஸ்டார்ட் கஷ்டம், இழுவை இல்லை. நல்ல பம்பு கெட்டுப்போச்சுன்னு கழற்றி அனுப்பற கேஸில் இதுவும் உண்டு. துளை அடைச்சிருந்தா காற்றடிச்சு எடுங்க, கம்பி விட்டு பெரிசாக்காதீங்க. ரெண்டு பக்கமும் புது செம்பு வாஷர்.

தூசிப்பாதை
போல்ட் சரியாத்தான் இருக்கு, பார்த்துவிட்டேன். இவ்வளவு கழற்றின பிறகு நாசிலையும் பார்க்கலாமா? எஞ்சினில் ஒரு சிலிண்டரில் லேசா "டக் டக்" கேட்குது.

கிரீஸ்கை
முதல்ல எந்த சிலிண்டர்னு பிடி. ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் யூனியன் நட்டையும் ஒரு கால் சுற்று தளர்த்து. மற்றதைத் தளர்த்தினா எஞ்சின் நடுங்கும், சத்தம் அப்படியே இருக்கும். குறை உள்ளதைத் தளர்த்தினா அந்தத் தட்டல் மட்டும் நிற்கும். துணி சுத்திக்கோ, கண்ணாடி போட்டுக்கோ. உயர் அழுத்த டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனா அது அறுவை சிகிச்சைக்குரிய அவசரம். நாசில் டெஸ்டர் முன்னால் கை காட்டவே கூடாது.

பிஸ்டன்மேசை
உங்கள் எஞ்சின் வகைக்கு அளவு ஓர் எடுத்துக்காட்டாக: டொயோட்டா 2எல் எஞ்சினில் புது நாசில் 115–125 பார் சுமாரில் திறக்க வேண்டும், பழையது 105-க்குக் கீழே போகக் கூடாது. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் இது மிக அதிகம், இசூசு 4ஜேஏ1-க்கு 185 சுமார். எனவே அடுத்த வண்டிக்காரர் சொன்ன எண்ணை வாங்கிப் போடாதீர்கள்.

டெஸ்டரில் மூன்று விஷயம். திறக்கும் அழுத்தம். திறப்பதற்கு 10–20 பார் கீழே நிறுத்தி 10 விநாடி பிடித்தால் நுனியில் துளி திரளக் கூடாது. தெறிப்பு ஒரே கூம்பாக, ஒரு பக்கம் ஒழுகாமல். உங்கள் "டக் டக்" பெரும்பாலும் இரண்டாவதில் தோற்கும் நாசிலாக இருக்கும். நுனியில் சொட்டும் டீசல் நேரம் தவறி எரிகிறது.

அழுத்தம் மட்டும் குறைந்திருந்தால் ஸ்ப்ரிங்குக்கு மேல் உள்ள ஷிம்மை (மெல்லிய தகட்டு வளையம்) மாற்றினால் போதும். 0.05 மி.மீ. கூட்டினால் 5 முதல் 7 பார் ஏறும். நாலு நாசிலும் ஒன்றுக்கொன்று 5 பாருக்குள் இருக்கட்டும். ஊசியும் உடலும் ஜோடியாக உரசி எடுக்கப்பட்டவை, இடைவெளி சில மைக்ரான்தான். ஒன்றின் ஊசியை இன்னொன்றில் போடாதீர்கள். கழுவிய பின் உடலைச் சாய்த்துப் பிடித்து ஊசியை மூன்றிலொரு பங்கு வெளியே இழுத்து விடுங்கள், தன் எடையில் தடையின்றி இறங்க வேண்டும். நிற்கிறது என்றால் ஜோடியே போயிற்று.

அடியில் உள்ள வெப்ப வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. பழையது குழியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேலேயே புதிதைப் போட்டால் நாசில் உயர்ந்து நிற்கும், வாயு கசியும். 2எல்-க்கு நாசில் ஹோல்டர் 64 நியூட்டன் மீட்டர். பைப் யூனியன் நட் 25 சுமார் போதும். அதிகம் இறுக்கினால் பைப் முனைக் கூம்பு நசுங்கி, அடுத்த முறை எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

ஹோஸ்கிளிப்
எல்லாம் மாட்டின பிறகு ஏர் எடுக்கறது: கைப்பம்பை அடிங்க, இறுகும் வரை. 30, 40 அடியிலும் இறுகலைன்னா இன்னும் ஓட்டை இருக்கு, இல்லைன்னா கைப்பம்பின் வால்வு போச்சு. அமுக்கினது மேலே வராம பள்ளமாவே நின்னா டேங்க் பக்கம் அடைப்பு. பம்பின் ரிட்டர்ன் பேன்ஜோவைத் தளர்த்தி குமிழி இல்லாத டீசல் வரும் வரை அடிச்சு இறுக்குங்க. அப்புறம் ரெண்டு நாசில் யூனியனைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கி, 10–15 விநாடி செல்ஃப், அரை நிமிஷம் ஓய்வு. துளி தெறிச்சதும் இறுக்குங்க.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்காதீங்க. ஹீட்டர் பிளக் சிவந்து நிற்கிற எஞ்சினில் அந்த ஸ்ப்ரேயில் இருக்கிற ஈதர் போனா பிஸ்டன் மேலே வரும் முன்னே வெடிக்கும்.

கறுப்புப்புகை
நல்ல ஹோஸ், சீல் எல்லாம் போட்டாச்சு. டீசலில் கந்தகம் குறைவுங்கிறதால் டூ-ஸ்ட்ரோக் ஆயில் 200-க்கு 1 கலந்தா பம்பு காப்பாற்றப்படும், இதையும் சொல்லிடலாம்ல?

பிஸ்டன்மேசை
கந்தகம் தானாக வழவழப்பு தருவதில்லை. அதை நீக்கும் முறையில் வழவழப்புத் தரும் மற்ற பொருள்களும் போய்விடுகின்றன. அதனால்தான் வெளியே வரும் டீசலில் சேர்க்கை போட்டு விடுகிறார்கள். ஐரோப்பிய டீசல் தரமான இஎன் 590-இல் உரசல் சோதனையின் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று வரம்பே இருக்கிறது. தரமான டீசல் கிடைக்கும்போது ஆயில் கலப்பது தேவையில்லை. கலந்தே தீர்வேன் என்பவர் சாம்பல் விடாத வகையைக் கலக்கட்டும். ஆனால் தண்ணீர் கலந்த டீசலை அது காப்பாற்றாது. அதற்கு வழி ஃபில்டர் அடியில் உள்ள வடிகாலைத் திறப்பதுதான்.

தூசிப்பாதை
ஷாஃப்ட் சீல், ரிட்டர்ன் ஹோஸ் எல்லாம், மூன்றாம் நாசில் மாற்றியாச்சு. உள் டீசல் வெள்ளைத் துணியில் சுத்தம். காலையில் 2 விநாடியில் ஸ்டார்ட், வெள்ளைப் புகை இல்லை, தட்டல் இல்லை. ஆனா புதுசா ஒன்று: ஐட்லிங் 750-இல் இருந்தது 950-இல் நிற்குது, முழு லோடில் லேசா கறுப்புப் புகை. லீவர் கோடு நேராத்தான் இருக்கு. டைமிங் பார்க்கணுமா?

கிரீஸ்கை
பம்பை நீ நகர்த்தலையே, டைமிங்கைத் தொடாதே. இதுக்கு முன்னால் யாரோ அடைப்பு இருக்கிற நிலைமையிலேயே இழுவை வரணும்னு ஃபுல்-லோட் ஸ்க்ரூவை (முழு லோடில் போற டீசல் அளவை வைக்கிறது) உள்ளே திருப்பியிருக்காங்க. இப்போ டீசல் ஒழுங்கா வருது, அதனால் கூடுதலாப் போகுது. பம்பின் பின்பக்கம், நாசில் பைப்கள் கிளம்பற ஹெட்டுக்கு மேலே, லாக் நட் போட்ட ஸ்க்ரூ. முத்திரைக் கம்பி அறுந்திருக்கும் பார். ஏர் ஃபில்டர் சுத்தமான்னு முதல்ல பார்த்துட்டு, கால் சுற்று மட்டும் வெளியே எடு. இந்த ஸ்க்ரூ ஐட்லிங்கையும் சேர்த்து இழுக்கும், அதனால் ஐட்லிங் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடு.

பிஸ்டன்மேசை
பிற்காலத்தில் பம்பைக் கழற்ற நேர்ந்தால் மட்டும் டைமிங்: ஹெட்டின் நடு பிளக்கில் டயல் கேஜ், கோல்ட் ஸ்டார்ட் லீவரை (குளிரில் டைமிங்கை முன்தள்ளும் லீவர்) விடுவித்து, கிராங்கைப் பின்னோக்கித் திருப்பி முள் அசையாத இடத்தில் பூஜ்யம், பிறகு டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) வரை முன்னோக்கி. பம்பின் பிளஞ்சர் (டீசலை அழுத்தும் தண்டு) உயர்வு எவ்வளவு என்பதை உங்கள் எஞ்சின் மேனுவலில் இருந்து எடுங்கள். பம்ப் சுழலும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் டைமிங் முன்னேறும். கோல்ட் ஸ்டார்ட்டை விடுவிக்க மறந்தால் எடுக்கும் எண் எல்லாம் பொய். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஸ்டார்ட் ஆகாமல், பம்ப் மேல் ஈரத் துணி போட்டு ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் ஹெட் ரோட்டர் (டீசலை அழுத்திப் பிரித்து அனுப்பும் பகுதி) தேய்ந்திருக்கிறது. ஓடும் பம்பின் மேல் தண்ணீர் ஊற்றிச் சோதிக்காதீர்கள், பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் அந்த அறிகுறி இல்லை.

தூசிப்பாதை
முத்திரைக் கம்பி அறுந்துதான் இருந்தது. கால் சுற்று வெளியே எடுத்ததும் புகை போயிற்று, ஐட்லிங் 800-க்கு இறங்கிற்று. ஐட்லிங் ஸ்க்ரூவில் 750 வைத்தேன். மேட்டில் மூன்றாம் கியரிலேயே ஏறுது.

ஹோஸ்கிளிப்
லாக் நட்டில் ஒரு துளி பெயின்ட் வைங்க. 500 கி.மீ. கழிச்சு எல்லா பேன்ஜோவிலும் காய்ந்த காகிதம் ஒத்திப் பாருங்க, ஈரம் தெரிஞ்சா இறுக்காதீங்க, வாஷரை மாத்துங்க. ஃபில்டரையும் அப்பவே மாத்துங்க, டேங்கில் தங்கின சிட்ரிக் துரு மிச்சம் முதல் ஃபில்டருக்குத்தான் வரும்.